ஏல வண்டியில் ஒரு புல் முடிச்சு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். ஒன்றைச் சொல்லிக்கொண்டு வரும்போதே இன்னொன்று மறந்துபோகும். யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். மகள்தான் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து, "ஏலத்துக்குப் போன கதைய எழுதும்மா, நீ சொல்றப்ப நல்லாருக்கு" என்றாள். சொல்லும்போது அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிடலாம். எழுதுவது ஆள் முகத்தைப் பார்த்துப் பேசுகிற மாதிரி இருக்கிறது. அதனால் இதில் யார் பேரும் இல்லை. என் பேரை எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

எங்கள் வீடு மேல்மலையில். கொடைக்கானலுக்குப் பஸ்ஸில் வர ஒன்றரை மணி நேரம் ஆகும். பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிறோம். வீட்டுக்காரர் வெள்ளாமைக்காரர்தான், ஆனால் நகக்கண்ணில் மண் இருந்து நான் பார்த்ததில்லை. கிரீஸ்தான் இருக்கும். யார் தோட்டத்தில் மோட்டார் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பூண்டு களை எடுக்கக் கூப்பிட்டால் வராதவர், மோட்டார் என்றால் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்திருப்பார்.

அந்தப் பைத்தியத்தில்தான் எங்களுக்கு ஏலம் பழக்கமானது. கொடைக்கானலில் பழைய பங்களாக்கள் நிறைய. பெரியவர்கள் போய்ச் சேர்ந்துவிடுவார்கள், பிள்ளைகள் தூரதேசத்தில் இருப்பார்கள். வீட்டைக் கைமாற்றுவதற்கு முன்னால் உள்ளே இருக்கிற சாமானையெல்லாம் ஏலம் விடுவார்கள். ஏலத்துக்கு முந்தின நாள் சாமான் பார்க்கிற நாள். யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம், தொடலாம். மறுநாள்தான் கூவி விடுவது. கேட்கிறவர்கள் ஆளுக்கொரு நம்பர் அட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். வேண்டிய சாமான் வரும்போது அட்டையைத் தூக்க வேண்டும். எங்கள் வீட்டுக்காரர் அட்டையைத் தூக்குவார். நான் பின்வரிசையில் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பதினைந்து வருஷமாக அப்படித்தான்.

எனக்கு ஏல நாள் பிடிக்காது, சத்தம். சாமான் பார்க்கிற நாள்தான் பிடிக்கும். ஆள் இல்லாத வீட்டில் சாமான்கள் மட்டும் ஒவ்வொன்றும் ஒரு நம்பர் சீட்டு ஒட்டிக்கொண்டு யாருக்கோ காத்துக்கொண்டிருக்கும். ஈரத்தில் ஊதிப்போன பியானோவின் ஒரு கட்டையை அமுக்கினால் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ கூப்பிட்ட மாதிரி ஒரு சத்தம் வரும். நின்றுபோன கடிகாரங்கள் ஒவ்வொன்றும் ஒரு நேரம் காட்டும். ஒரு அறையில் காலை, அடுத்த அறையில் சாயங்காலம். ஜன்னல் கண்ணாடி உடைந்திருந்தால் மேகமும் உள்ளே வந்து எங்களோடு சேர்ந்து சாமான் பார்க்கும். அந்த மாதிரி வீடுகளில் நான் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடப்பேன். யாரும் சொல்லவில்லை. கால் தானாகக் கழற்றிவிடும்.

அப்படி ஒரு ஏலத்தில்தான் எங்கள் மோட்டார் சைக்கிள் வந்தது. வெள்ளைக்காரன் காலத்து வண்டி. அதை எடுத்து வந்து பதினோரு வருஷம் ஆகிறது. அவர் ஒவ்வொரு ஆணியாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, திரும்ப மாட்டி, என்ஜினை ஓட வைத்துவிட்டார். ஆனால் வண்டி நகராது. கியர் பெட்டி உள்ளே பல்லெல்லாம் உதிர்ந்து கிடந்தது. கோயம்புத்தூர் லேத்தில் இரண்டு தடவை பல் வெட்டி வாங்கி வந்தார். இரண்டு தடவையும் முறுக்கிய அன்றைக்கே போய்விட்டது. அந்தக் காலத்து இரும்பு வேறு என்றார்கள்.

அதனால் எங்கள் வண்டி கொட்டகைக்குள் நின்ற இடத்திலேயே ஓடும்.

இதை எழுதலாமா என்று ரெண்டு நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன். சில ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் கொட்டகையின் முன்கதவைச் சாத்திவிட்டுத் தோட்டத்துப் பக்கக் கதவை மட்டும் புகை போகத் திறந்து வைப்பார். வண்டியை உதைத்து ஓடவிட்டு, "ஏறு" என்பார்.

"யாராச்சும் வந்துரப் போறாங்க."

"முன்னாடிதான் சாத்தியாச்சுல்ல. இந்த வயசுல உன்னய எவன் தூக்கிட்டுப் போகப்போறான், ஏறு."

நான் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வேன். அடியிலிருந்து டுப் டுப் என்று அதிர்வு வந்து பல் வரைக்கும் ஏறும். கொஞ்ச நேரத்தில் கொட்டகை நகர ஆரம்பிக்கும்.

"இப்ப எங்கங்க வந்திருக்கோம்?"

"தாண்டிக்குடி. காப்பி பூத்திருக்கு. வாசம் வரல?"

பெட்ரோல் வாசம்தான் வரும். ஆனாலும் "வருது" என்பேன்.

"கன்னிவாடிச் சந்தை. எறங்கி வெத்தல வாங்குறியா?"

"வேண்டாம், நீங்க ஓட்டுங்க."

"பழனி வந்துருச்சு. அந்தா மலை தெரியுது பாரு." நான் அவர் முதுகுக்குப் பின்னால் கையெடுத்துக் கும்பிடுவேன். "பாலசமுத்திரம் தாண்டியாச்சு. இனி ஏத்தம். நல்லாப் பிடிச்சுக்க." அங்கிருந்து வளைந்து வளைந்து மேலே ஏறி வீட்டுக்கு வருவோம். ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் ஏறுகிற முழுச் சுற்று. அவர் சாவியைத் திருப்பியதும் காது கும்மென்று அடைத்துக்கொள்ளும். கண்ணைத் திறந்தால் எதிரில் பூண்டு மூட்டைகள் இருக்கும்.

ஒருநாள் நிஜமாகவே அந்தச் சுற்றைப் போய்வர வேண்டும் என்று அவருக்கு ஆசை. எனக்கும்தான். நான் வாய்விட்டுச் சொன்னதில்லை.

போன வருஷம் மழையில் அவர் வாய்க்கால் கல்லில் வழுக்கி விழுந்து இடது கால் முறிந்துவிட்டது. மாவுக்கட்டுப் போட்டுப் படுக்கவைத்தார்கள். முதல் மாதம் எல்லாரையும் திட்டிக்கொண்டிருந்தார். ரெண்டாவது மாதம் திட்டவுமில்லை. கொட்டகைச் சாவியை எடுத்து என்னிடம் கொடுத்து, "பூண்டு மூட்டைக்கு எடம் பத்தாட்டி வண்டிய வித்துரு" என்றார். சாவியை அரிசிப் பானைக்குள் போட்டு வைத்தேன்.

அப்போதுதான் பழனிக் கடைவீதிப் பாய் போனில் ஒரு போட்டோ அனுப்பினார். பாய் பித்தளைச் சாமான் கடைக்காரர். ஏலத்துக்கு ஏலம் பார்த்துப் பழக்கம். அவருக்கு நான் அக்கா, எங்கள் வீட்டுக்காரர் மாமா. போட்டோவில் ஒரு கார் ஷெட்டுக்குள் துருப்பிடித்த மோட்டார் சைக்கிள். டயர் இல்லை, சீட் இல்லை, பெட்ரோல் டாங்கில் கை போகிற அளவு ஓட்டை.

அவர் போனை வாங்கி ரெண்டு விரலால் போட்டோவைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். எழுந்து உட்கார்ந்தார்.

"நம்ம வண்டிக்குக் கூடப்பொறந்தது இது. கியர் பெட்டி முழுசாக் கெடக்கு பாரு. தண்ணி எறங்கல. மூடி கூடத் தொறக்கல."

"ஏலம் என்னிக்காம்?"

"வர்ற சனிக்கெழம. வெள்ளிக்கெழம பாக்குறது." சொல்லிவிட்டுத் தன் காலைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. அடுப்பில் ஒன்றுமில்லை, இருந்தாலும் அடுப்பங்கரைக்கு எழுந்து போனேன்.

"ஏய், இங்க வா. நீ வாயத் தொறக்க வேணாம். கைய மட்டும் தூக்கு. அட்டையத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே இரு, எறக்காத. அவ்வளவுதான் சோலி. கல்யாணத்துல தாலி கட்டுறப்பகூட நீ தலையத் தூக்கல. இதுக்காச்சும் கையத் தூக்கு."

வெள்ளிக்கிழமை வெள்ளனே பஸ் ஏறினேன். ஏரிக்கு மேலே, பேரிக்காய் மரங்களுக்கு நடுவில் அந்தப் பங்களா. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். மாடிப்படிக்குக் கீழே ரசம் போன ஒரு நிலைக்கண்ணாடி இருந்தது. அதில் என் முகம் தண்ணீருக்கு அடியில் இருப்பது மாதிரித் தெரிந்தது. வயதே தெரியவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துக்கொண்டேன். அப்புறம் யாராவது பார்த்திருப்பார்களோ என்று வெட்கமாகி, பின்பக்கம் கார் ஷெட்டுக்குப் போனேன்.

மேகம் எனக்கு முன்னாலேயே உள்ளே போயிருந்தது. வண்டி முதலில் தெரியவில்லை. கையை நீட்டிக்கொண்டே போனேன். கைப்பிடி சில்லென்று கைக்குள் வந்தது. யாரோ கை கொடுத்த மாதிரி இருந்தது. எங்கள் வண்டியின் கைப்பிடி எப்படி வளைந்திருக்குமோ அதே வளைவு. கண்ணை மூடினேன். டுப் டுப் என்று கேட்டது. வண்டிக்கு டயர்கூடக் கிடையாது, ஆனாலும் கேட்டது.

அடுத்து நான் செய்ததைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் குமரியாக இருந்த காலத்தில் விறகுக்குச் சோலைக்காட்டுப் பக்கம் போவோம். காற்றில் சாய்ந்த கட்டை கிடைக்கும். அன்றைக்கே தூக்க முடியாது. முதலில் பார்த்தவள் ஒரு பிடி நீளப்புல்லைப் பிடுங்கித் திரித்து, கட்டையில் சுற்றி முடிந்துவிட்டு வருவாள். அப்புறம் அது அவளுடையது. பத்து நாள் கழித்து வந்தாலும் அங்கேயே கிடக்கும். யாராவது தெரியாமல் எடுக்க வந்தால், முடிச்சுப் போட்டவள் சண்டை போட மாட்டாள். போய்க் கட்டைக்குப் பக்கத்தில் நிற்பாள். வந்தவள் பார்த்துவிட்டு வேறு பக்கம் போய்விடுவாள். தாண்டிக்குடி இருக்கிற கீழ்மலையிலும் இதே பழக்கம்தான். என் மாதிரி வாயில்லாதவர்களுக்கு இதைவிட வசதியான சட்டம் கிடையாது.

ஷெட் வாசலில் புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. நான் ஒரு பிடி பிடுங்கினேன், திரித்தேன், கைப்பிடியில் மூன்று சுற்றுச் சுற்றி முடிந்தேன். யோசித்துச் செய்யவில்லை. செருப்பைக் கழற்றுகிற மாதிரி கை தானாகச் செய்துவிட்டது. செய்ததும் மனசு நிறைந்துவிட்டது. வண்டி எங்களுக்கு வந்துவிட்டது. பஸ்ஸில் நன்றாகத் தூங்கினேன்.

வீட்டில் அவர், "பாத்தியா?" என்றார்.

"பாத்தேன். நமக்குத்தான்" என்றேன்.

"அதெப்படி இப்பவே சொல்லுற?"

"நமக்குத்தான்" என்று திரும்பவும் சொன்னேன். முடிச்சைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை புல்தரையில் நாற்காலி போட்டிருந்தார்கள். வண்டியை ஷெட்டிலிருந்து தூக்கி வந்து வெளியே நிறுத்தியிருந்தார்கள். முடிச்சு அப்படியே இருந்தது. நான் அட்டை வாங்கி, தூக்குவாளிப் பைக்குள் இட்லிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்தேன். பாய் முன்வரிசையிலிருந்து திரும்பி முடிச்சைக் கண்ணால் காட்டிச் சிரித்தார். பழைய வண்டிகளைப் பாகம் பாகமாகப் பிரித்து விற்கிற தாண்டிக்குடி ஜீப்காரரும் வந்திருந்தார். ஏலத்தில் எங்கள் வீட்டுக்காரருக்கு எப்போதும் எதிரி அவர்தான். அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கைப்பிடியைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார், போய் உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் நிம்மதி.

ஏலம் விடுகிறவர் மதுரைக்காரர். எங்கோ மழை வருகிற மாதிரி குரல். பியானோ போனது. கடிகாரங்கள் போயின. ரசம் போன கண்ணாடியைக்கூட ஒருத்தர் எடுத்துக்கொண்டு போனார். என்னையும் சேர்த்துத் தூக்கிப்போன மாதிரி இருந்தது. மேகம் பேரிமரத்துக்குள் புகுந்து புகுந்து வெளியே வந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அடுத்து மோட்டார் சைக்கிள். முப்பத்தேழாம் நம்பர். வண்டிக்கு ஒடம்பு சரியில்ல, ஆனா பரம்பர நல்ல பரம்பர. யாரு கேக்குறா?"

யாரும் கேட்கவில்லை. ஜீப்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாய் உட்கார்ந்திருந்தார். எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லாருமே சும்மா இருந்தார்கள். எல்லாரும் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் புரியாமல் நானும் திரும்பிப் பின்னால் பார்த்தேன். பின்னால் செடிதான் இருந்தது.

அப்போது முன்னால் ஒரு அட்டை மேலே போனது. குளிர்க்கண்ணாடி போட்ட ஒரு தம்பி. மெட்ராஸிலிருந்து வந்து புதிதாகக் காட்டேஜ் கட்டியிருக்கிறவர்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பாவம், பார்க்கவில்லை போலிருக்கிறது, யாராவது சொல்லுவார்கள் என்று இருந்தேன்.

"ஒரு தரம்."

"அக்கா" என்றார் பாய் மெதுவாக. "கையத் தூக்குங்கக்கா."

எதற்குக் கையைத் தூக்க வேண்டும், முடிச்சுத்தான் இருக்கிறதே என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

"ரெண்டு தரம்."

"யக்கா, வெரசாத் தூக்குங்க! உங்களுக்காகத்தான் நாங்க சும்மா இருக்கோம்!" இது ஜீப்காரர்.

அப்போதுதான் உறைத்தது. பதினைந்து வருஷம் ஏலத்தில் உட்கார்ந்தவள், ஏலத்தை ஒரே ராத்திரியில் மறந்துபோயிருக்கிறேன். பைக்குள் கையை விட்டேன். அட்டை அகப்படவில்லை. இட்லிதான் அகப்பட்டது.

"மூணு தரம்!"

முடிந்துவிட்டது. காது கும்மென்று அடைத்தது, வண்டியை நிறுத்தினால் அடைக்குமே, அந்த மாதிரி. வீட்டில் காலை நீட்டிக்கொண்டு காத்திருப்பவர் முகம் வந்தது. அரிசிப் பானைக்குள் கிடக்கிற சாவி வந்தது. அழுகை வரவில்லை. நான் எழுந்தேன். இத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று தெரிந்தும் நாற்காலிகளுக்கு நடுவே நடந்துபோய், வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். முடிச்சின் மேல் கையை வைத்துக்கொண்டேன். வேறு எப்படிக் கேட்பதென்று எனக்குத் தெரியாது.

மதுரைக்காரர், "ஆத்தா, வண்டி வித்துப்போச்சு. சேலையில துரு ஒட்டிக்கிரும், வந்து உக்காருங்க" என்றார். சிலபேர் சிரித்தார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் சிரிக்கவில்லை. மதுரைக்காரர் கொஞ்சம் பார்த்துவிட்டு அடுத்த சாமானைக் கூவ ஆரம்பித்தார். தொப்பி மாட்டுகிற ஸ்டாண்டு, பீங்கான் தட்டு, இரும்புக் கட்டில். நான் நின்றுகொண்டே இருந்தேன். மேகம் வந்து மூடியது. கொஞ்ச நேரம் யாருக்கும் நான் தெரியவில்லை. எனக்கும் யாரும் தெரியவில்லை. கூவுகிற குரல் மட்டும் பக்கத்து மலையில் கேட்கிற மாதிரிக் கேட்டது. அந்த நேரம் எனக்குப் பயமே இல்லை.

மேகம் விலகியபோது காட்டேஜ் தம்பி எதிரில் நின்றார். கண்ணாடியைக் கழற்றியிருந்தார். பாயும் ஜீப்காரரும் கூட வந்திருந்தார்கள்.

"பாட்டிம்மா, ஏதாவது ப்ராப்ளமா? வண்டி உங்க வீட்டுதா?"

முடிச்சைக் காட்டினேன்.

"புல்லு. ஆமா, பாத்தேன். அழகா இருக்குன்னு நெனச்சேன். டெக்கரேஷனுக்கு நீங்க கட்டுனதா?"

ஜீப்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "தம்பி, அது டெக்கரேஷன் இல்ல. இது ஏங்கட்டை, எவனும் தொடாதங்குற அடையாளம். அதப் பாத்துட்டுத்தான் நானே கேக்கல. இல்லாட்டி உங்களுக்கு இம்புட்டு லேசுல வந்திருக்குமா?"

"ஐயோ, எனக்கு எப்படி சார் தெரியும்? நான் ரூல்ஸ்படிதானே எடுத்தேன்?"

"ரூல்ஸ்படிதான் எடுத்தீக, தப்பே இல்ல" என்றார் பாய். "எடுத்து என்ன பண்ணப் போறீக? ஓட்டவா?"

"இல்ல பாய், காட்டேஜ் ரிசப்ஷன்ல செவுத்துல மாட்டப்போறேன். கெஸ்ட்டுங்க போட்டோ எடுத்துக்குவாங்க."

"செவுத்துல மாட்டுற வண்டிக்குக் குடல் எதுக்கு தம்பி? கனத்துல செவுருல்ல பேந்து வரும்." பாய் என் பக்கம் திரும்பினார். "சொல்லுங்கக்கா. நீங்களே சொல்லுங்க."

எல்லாரும் காத்திருந்தார்கள். நான் குனிந்து கியர் பெட்டியின் மேல் இருந்த தூசியைச் சேலைத் தலைப்பால் துடைத்தேன்.

"இது மட்டும் போதும்" என்றேன். பேசுவது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. "எங்க வண்டி நின்ன எடத்துலயே ஓடுது. இது இருந்தா போகும்."

அந்தத் தம்பி யோசித்தார். "எடுத்துட்டா அந்த எடம் ஓட்டையாத் தெரியாதா?"

"தெரியாம எங்க வீட்டுக்காரர் பண்ணிக் குடுப்பாரு" என்று சொல்லிவிட்டேன். எப்படிப் பண்ணுவார் என்று எனக்குத் தெரியாது. என் வாழ்க்கையில் ஊரார் முன்னால் அத்தனை வார்த்தை நான் பேசியது அன்றைக்குத்தான். அந்தத் தம்பி சரியென்று, மறுநாள் காட்டேஜுக்கு வந்து கழற்றிக்கொள்ளச் சொன்னார்.

மறுநாள் ஜீப்காரரே எங்கள் ஊருக்கு வந்து, வீட்டுக்காரரை மாவுக்கட்டோடு தூக்கி முன்சீட்டில் உட்காரவைத்தார். ரெண்டு மாதத்துக்கு அப்புறம் அவர் வாசலைத் தாண்டியது அன்றைக்குத்தான். வழியெல்லாம் எனக்கு அர்ச்சனை.

"கையத் தூக்குடீன்னா புல்லக் கட்டிட்டு வந்திருக்கா. ஏலத்துல போயி வெறகு பொறுக்கியிருக்கா. கேட்டியாய்யா இந்தக் கூத்த?"

"மாமா, சும்மா வாங்க" என்றார் ஜீப்காரர். "யக்கா முடிச்சுப் போடலைன்னா நான் பாட்டுக்கு அதக் கேட்டு எடுத்துப் பிரிச்சு வித்திருப்பேன். உங்களுக்கு மூடிகூடக் கெடச்சிருக்காது."

கொஞ்ச தூரம் போனதும் வீட்டுக்காரர் பின்னால் திரும்பாமலேயே, "எந்தக் கைப்பிடியில கட்டுன?" என்று கேட்டார்.

காட்டேஜ் வாசலில் ஒரு நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து, அரை நாள் அந்த வண்டியோடு போராடினார். துருப்பிடித்த ஒவ்வொரு ஆணிக்கும் ஒரு வசவு. கடைசி ஆணி கழன்றதும் கியர் பெட்டியை மடியில் வாங்கிக் காதோரம் வைத்து மெல்ல ஆட்டிப் பார்த்தார். ஒரு சத்தமும் வரவில்லை. "எல்லாப் பல்லும் இருக்கு" என்றார். மகள் பிறந்தபோது துணியில் சுற்றிக் கொடுத்ததும் இப்படித்தான் வாங்கினார் என்று எனக்கு ஞாபகம் வந்தது. பெட்டிக்குப் பதிலாக அந்தத் தம்பிக்கு மலைப்பூண்டு மூட்டை அனுப்பினோம். எத்தனை என்று எழுத வேண்டாமாம், வீட்டுக்காரர் சொல்கிறார். அவர் பேரம் பேசியது வெளியே தெரிந்துவிடுமாம்.

ஓட்டை தெரியாமல் பண்ணித் தருவதாக நான் சொன்னேன் இல்லையா, அதற்கு அவர் பேரிமரக் கட்டை ஒன்றைக் கேட்டார். பங்களாத் தோட்டத்தில் காற்றில் ஒடிந்த கிளை கிடந்தது, அதையே ஜீப்காரர் வாங்கி வந்தார். வீட்டில் படுத்தபடியே பத்து நாள் செதுக்கி, கியர் பெட்டி மாதிரியே ஒரு பெட்டி பண்ணி, கருப்புப் பெயிண்ட் அடித்துக் கொடுத்துவிட்டார். முடிச்சுப் போட்ட வண்டியில் கடைசியில் கட்டை ஒன்று போய் உட்கார்ந்துவிட்டது. பாய் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

கட்டுப் பிரித்து, அவர் கால் ஊன்றி நடக்க ஆரம்பித்ததும், நான் அரிசிப் பானையிலிருந்து கொட்டகைச் சாவியை எடுத்துக் கொடுத்தேன். அரிசி மாவு அப்பியிருந்தது. அவர் அதை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பெட்டியைப் பொருத்த ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

ஒரு நாள் வெள்ளனே, மேகம் தரையோடு படுத்திருந்த நேரம், கொட்டகையின் முன்கதவைத் திறந்தார். வண்டியை உதைத்தார். ஐந்தாவது உதைக்குத்தான் பிடித்தது. "ஏறு" என்றார். யாராவது பார்ப்பார்களா என்று பார்த்தேன். பத்தடிக்கு அந்தப் பக்கம் ஊரே இல்லை. எல்லாம் வெள்ளை. ஏறி உட்கார்ந்து, தலைப்பை இழுத்து மூடி, பழக்கத்தில் கண்ணையும் மூடிக்கொண்டேன். டுப் டுப் என்று அதிர்வு ஏறியது. அப்புறம் இத்தனை வருஷம் இல்லாத ஒன்று வந்தது. முகத்தில் காற்று.

"இப்ப எங்க வந்திருக்கோம், சொல்லு" என்றார்.

"கன்னிவாடி" என்றேன்.

"கண்ணத் தொற. இன்னும் நம்ம ஊரு எல்லையத் தாண்டல."

திறந்தேன். பள்ளிக்கூடத்துச் சுவர் எங்களைக் கடந்து மெதுவாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. உண்மையிலேயே போய்க்கொண்டிருந்தது. நான் திரும்பக் கண்ணை மூடவில்லை.

முழுச் சுற்று அன்றைக்குப் போகவில்லை. முதல் கொண்டை ஊசி வளைவு வரைக்கும் போய்த் திரும்பினோம். அவர் கால் வலிக்கிறது என்றார். அப்புறம் தாண்டிக்குடி வரைக்கும் ஒரு தடவை போனோம். காப்பி பூத்திருந்தது. நிஜ வாசம் வேறு மாதிரி இருந்தது, அவரிடம் சொல்லவில்லை. பங்குனி கழிந்ததும் கீழே இறங்கிப் பாலசமுத்திரம் வழியாக ஏறுவதாகப் பேசி வைத்திருக்கிறோம்.

இவ்வளவுதான் எனக்கு நினைவில் நிற்பது. அன்றைக்கு அந்த ஏலத்தில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் எழுதியது சரியா என்று கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். முப்பத்தேழாம் நம்பரா முப்பத்தொன்பதா என்று எனக்கும் பாய்க்கும் இன்னும் சண்டை. ஜீப்காரர் தலையைச் சொறிந்தாரா தொப்பியைச் சரிசெய்தாரா என்பதும் நிச்சயமில்லை. வலது கைப்பிடியில் கட்டினேன் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். இப்போது யோசித்தால் இடது பக்கம் மாதிரி இருக்கிறது. அந்தக் காட்டேஜுக்குப் போகிறவர்கள் இருந்தால் சுவரில் தொங்குகிற வண்டியைப் பாருங்கள். முடிச்சை எடுக்க வேண்டாம் என்று அந்தத் தம்பியிடம் கேட்டிருந்தேன், எடுக்க மாட்டேன் என்றார். இன்னும் இருக்கிறதா, இருந்தால் எந்தப் பக்கம் என்று பார்த்து எழுதினால் திருத்திக்கொள்வேன். காய்ந்திருக்கும், கையால் தொட்டுப் பார்க்காதீர்கள்.